காட்டும் பணமும் கைப்பணமும்

(கழக வெள்ளி விழா மாணவர் அரங்கில், கல்வி உதவிக் குழுவின் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)



வெள்ளி விழா மேடையிலே பெருமைகளை எடுத்துரைப்பது மரபு. முன்னர்ப் பேசிய பெரியோர்கள் அதனை நிறைவாகச் செய்துவிட்டார்கள். எங்கள் குழுவுக்குக் கிடைத்த பொருள் அத்துணைச் சிறப்பு வாய்ந்ததன்று. அரிசி, வாடகை, பேருந்துக் கட்டணம் பற்றியது. இங்கிலாந்துக்குப் படிக்கச் செல்லும் நம் பிள்ளைகள் தங்கள் வாழ்க்கைச் செலவை எவ்வாறு திட்டமிடுவது என்பதே அப்பொருள். இதனைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் எங்கள் அறிவன்று, எங்கள் பிழை. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் தெருவிலிருந்து ஒரு தம்பி முதுகலைப் படிப்புக்காக இங்கிலாந்து புறப்பட்டார். பொன்னாடை போர்த்தினோம், மாலையிட்டோம், படம் எடுத்துக்கொண்டோம், விமான நிலையம் வரை சென்று வழியனுப்பினோம். எட்டு வாரங்கள் கழித்தே உண்மை தெரிந்தது. விசா பெறுவதற்காக வங்கியில் காட்ட வேண்டிய பணத்தை அவர் தந்தையார் வட்டிக்கு வாங்கிக் காட்டியிருந்தார். விசா வந்த மறுவாரமே கடன் கொடுத்தவர் அப்பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். தம்பி விமானத்தை விட்டு இறங்கும்போது கையில் இருந்தது 300 பவுண்டு. தெரிந்தவர் ஒருவர் அறையில் தரையிலே படுத்தார், ஒருவேளை உண்டார், சட்டம் விதித்த கூலியினும் குறைந்த கூலிக்கு இரவிலே வேலை செய்தார், பகலிலே வகுப்பில் உறங்கினார், பிறகு வகுப்புக்கே போகாதவரானார். வருகை குறைந்ததென்று பல்கலைக்கழகம் எச்சரிக்கை அனுப்பியது.

அந்தத் தம்பியின் தாயார் எங்களிடம் வந்து, குற்றம் சாட்டும் குரலில் அல்லாமல், மிக மெதுவாக ஒன்று சொன்னார்: "இத்தனை பேர் மாலை போட்டீங்க. கையில எவ்வளவு இருக்குதுன்னு ஒருத்தரும் கேக்கலியே, ஐயா."

அந்த ஒரு சொல்லே இவ்வுரை பிறந்த இடம். அத்தம்பி பின்னர் மீண்டார். எப்படி மீண்டார் என்பதை முடிவிலே சொல்கிறோம். படிப்பை முடித்துத் திரும்பியபோது அவர் எங்களிடம் ஒப்படைத்தது ஒரு கணக்குக் குறிப்பேடு. நாங்கள் இன்று சொல்லப்போகும் செய்திகளிற் பெரும்பாலானவை அந்த ஏட்டிலிருந்து கற்றவை.

அயல்நாட்டில் பணமின்றிப் படித்த கதை நமக்குப் புதிதன்று. அண்ணல் அம்பேத்கர் 1913ஆம் ஆண்டில் பரோடா அரசின் உதவித்தொகை பெற்று அமெரிக்காவிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். தொகை மாதம் 11.5 பவுண்டு; காலம் மூன்று ஆண்டு. அதிலிருந்து இல்லத்துக்கும் அனுப்பினார். பின்னர் இலண்டன் சென்று பயின்றபோது, உதவித்தொகையின் காலம் முடிந்தமையால் 1917இல் படிப்பை இடைநிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது. பம்பாயில் கல்லூரிப் பேராசிரியராகப் பணியாற்றிச் சேமித்தார். கோல்காப்பூர் மன்னரிடம் உதவியும் நண்பர் நவல் பதேனாவிடம் கடனும் பெற்றார். 1920இல் மீண்டும் இலண்டன் சேர்ந்தார். 1923இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அந்நாட்களில் சிறு ரொட்டித் துண்டு, ஒரு கோப்பைச் சாறு, இரவிலே அப்பளம் என்று அவர் காலங்கழித்ததை வரலாற்றாசிரியர் தனஞ்செய் கீர் எழுதியிருக்கிறார்.

இதைக் கேட்கும்போது நம் நெஞ்சம் நெகிழ்கிறது. ஆயினும் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். அண்ணலின் அறிவு நமக்கு முன்மாதிரி. அவருடைய பசி நமக்கு முன்மாதிரியன்று. அவர் பசித்திருந்தது விரதமன்று. போதிய பணம் இல்லாமையே. "அவரே பட்டினி கிடந்தார், நாமும் கிடப்போம்" என்று இளைஞர்கள் எண்ணுவது பக்தியாகாது. அவர் பட்ட பாட்டைப் பின்வருவோர் படாதிருக்கச் செய்வதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை. கணக்கு எழுதுவது அதற்காகத்தான்.

இனிக் கணக்குக்கு வருவோம்.

இங்கிலாந்தில் படிக்க விசா கேட்போர், கட்டணம் நீங்கலாக வாழ்க்கைச் செலவுக்கும் பணம் உண்டென்று காட்ட வேண்டும். 2025 நவம்பரில் வந்த விதியின்படி, இலண்டனில் படிப்போர் மாதம் 1,529 பவுண்டும், இலண்டனுக்கு வெளியே படிப்போர் மாதம் 1,171 பவுண்டும், அதிகமாக 9 மாதங்களுக்குக் காட்ட வேண்டும். வெளியூர்க் கணக்கில் இது 10,539 பவுண்டு. இலண்டன் கணக்கில் 13,761 பவுண்டு. இத்தொகை தொடர்ந்து 28 நாட்கள் குறையாமல் கணக்கில் இருத்தல் வேண்டும். பணம் மாணவருடையதாகவோ பெற்றோருடையதாகவோ இருக்கலாம். கடனென்றால் ஒழுங்குமுறைக்குட்பட்ட வங்கியின் கல்விக் கடனாக இருக்க வேண்டும்.

இந்த 28 நாட்களை வைத்து ஒரு வட்டித் தொழிலே நடக்கிறது. "நாங்கள் பணம் போடுகிறோம், விசா வந்ததும் எடுத்துக்கொள்கிறோம், வட்டி மட்டும் கொடுங்கள்" என்று வருவோர் உண்டு. நிலமும் நகையும் உடைய குடும்பங்களுக்கு வங்கிக் கதவு எளிதில் திறக்கிறது. பிணை காட்டச் சொத்தில்லாத நம் குடும்பங்களே இந்த வலையில் வீழ்கின்றன. பெற்றோர்களே, ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். அந்நாட்டு அரசு அத்தொகையைக் கேட்பது சடங்குக்காக அன்று. அங்கே ஓர் ஆள் வாழ அவ்வளவு தேவைப்படும் என்பதாலேயே கேட்கிறது. காட்டிவிட்டுத் திருப்பித் தரும் பணம் உங்கள் பிள்ளையின் பணமன்று. அது விதிக்கும் புறம்பானது. வெளிப்பட்டால் விசாவுக்கும் கேடு. காட்டும் பணம் வேறு, கைப்பணம் வேறு என்று ஆகிவிட்டால் பிள்ளையின் பட்டினி விமானம் ஏறுமுன்பே தொடங்கிவிட்டதென்று பொருள்.

நடுவண் அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை 1954-55ஆம் ஆண்டிலிருந்து நடைபெற்று வருகிறது. ஆண்டுக்கு 125 இடங்களே உள்ளன. குடும்ப வருமானம் 8 லட்ச ரூபாய்க்கு மேற்படலாகாது. கல்விக் கட்டணம், விமானக் கட்டணம், விசாக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. வாழ்க்கைச் செலவுக்கென இங்கிலாந்து மாணவர்க்கு ஆண்டுக்கு 9,900 பவுண்டும், நூல் முதலிய சில்லறைச் செலவுக்கு 1,100 பவுண்டும் 2024-25ஆம் ஆண்டு விதிகளிற் கண்டவை. இது பெரும் உதவி. இதனைப் பெற்றவர் நற்பேறு பெற்றவர். ஆயினும் கணக்கு உணர்ச்சி அறியாது. 9,900ஐ 12 மாதங்களாற் பகுத்தால் மாதம் 825. அந்நாட்டு அரசு வெளியூருக்கே 1,171 வேண்டும் என்கிறது. இந்த இடைவெளியை அறிந்து செல்பவர் சமாளிப்பார். அறியாமற் செல்பவர் திணறுவார்.

825 பவுண்டில் வாழ இயலுமா? லீட்ஸ், ஷெஃபீல்டு போன்ற வெளியூர்களில், ஒரு வீட்டைப் பிறரோடு பகிர்ந்துகொண்டு, ஓர் ஆள் சிக்கனமாக வாழும் எடுத்துக்காட்டுக் கணக்கை எழுதிப் பார்த்தோம். மின்சாரம், எரிவாயு உட்பட அறை வாடகை 480, உணவு 140, பேருந்து 45, தொலைபேசி 10, துணி, சோப்பு, எழுதுபொருள் 40, எதிர்பாராச் செலவு 50. கூட்டினால் 765. மீதம் 60. முடியும், ஆனால் கயிற்றின்மேல் நடப்பது போன்றது. வாடகை 540 ஆனால் மீதம் ஒன்றுமில்லை. இலண்டனிலோ ஓர் அறையின் வாடகையே இத்தொகை முழுவதையும் விழுங்கிவிடக்கூடும். ஆகவே பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்து இடம் தேர்வு செய்யாதீர்கள். ஒரே தரமுள்ள இரு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தால், வாடகை குறைந்த ஊரே உங்களுக்கு உயர்ந்த ஊர்.

மாதக் கணக்கினும் அச்சந்தருவது முதல் மாதக் கணக்கு. மேற்சொன்ன 480 பவுண்டு அறைக்கே, முதல் மாத வாடகையோடு முன்பணமும் கேட்பார்கள். இங்கிலாந்துச் சட்டப்படி முன்பணம் ஐந்து வார வாடகைக்கு மேற்படலாகாது. அதுவே ஏறக்குறைய 554 பவுண்டு. இரண்டும் சேர்ந்து 1,034. போர்வை, தலையணை, சமையற் பாத்திரம், குளிர்காலச் சட்டை ஆகியவை சேர்ந்தால் 1,200 ஆகிவிடும். இன்னும் ஒரு வேளை உணவும் உண்ணவில்லை! அங்கே வங்கிக் கணக்குத் தொடங்கச் சில வாரங்கள் ஆகலாம். உதவித்தொகையின் முதல் தவணை வாடகை நாளுக்கு முன் வந்து சேரும் என்று எண்ணியிருக்கலாகாது. சொந்தப் பணத்திலோ கடனிலோ செல்பவர்க்கு இதற்கும் முன்னே விசாக் கட்டணமும் மருத்துவ வரியும் உண்டு. 2025ஆம் ஆண்டில் விசாக் கட்டணம் 524 பவுண்டு; மருத்துவ வரி ஆண்டுக்கு 776. ஓராண்டு முதுகலைக்கும் விசா சில மாதங்கள் கூடுதலாகத் தரப்படுவதால், வரி 1,164 வரை வரும். ஆகவே முதல் மூன்று மாதச் செலவு கையில் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். ஒரு பருவம் தள்ளிப்போட இயலுமா என்று பல்கலைக்கழகத்தைக் கேட்பது இழுக்கன்று. இரண்டாம் மாதத்தில் படிப்பை விட்டுத் திரும்புவதே இழப்பு.

முன்பணம் கொடுத்தால் அதனை 30 நாட்களுக்குள் அரசு ஒப்புதல் பெற்ற காப்புத் திட்டம் ஒன்றில் வீட்டுக்காரர் செலுத்தியிருக்க வேண்டும். அதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள். அறைக்குள் நுழைந்த அன்றே சுவர், தரை, கட்டில் ஆகியவற்றைப் படமெடுத்து வையுங்கள். வீட்டை நேரிற் காணாமல், முகமறியாதவர் கணக்குக்கு இங்கிருந்தே பணம் அனுப்பாதீர்கள். அந்நாட்டில் உங்களுக்குப் பிணை நிற்க ஒருவர் வேண்டும் என்று சில வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். நமக்கு அங்கே சித்தப்பா இல்லை, மாமா இல்லை. பிணை நிற்கும் ஏற்பாடு சில பல்கலைக்கழகங்களிலேயே உண்டு. விடுதியோ பிணை கேட்பதில்லை என்பதும் பல இடங்களில் உண்மை. புறப்படுமுன் எழுதிக் கேளுங்கள்.

நமக்கு உரிய சலுகைகளை விடுவதும் ஒரு வீண்செலவே. முழுநேர மாணவர் மட்டுமே வாழும் வீட்டுக்கு நகராட்சி வரி இல்லை. அதற்கான சான்றிதழைப் பல்கலைக்கழகம் தரும். மருத்துவ வரி செலுத்தியவர்க்கு அரசு மருத்துவம் உண்டு. சென்ற முதல் வாரத்திலேயே அருகிலுள்ள மருத்துவரிடம் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பல் மருத்துவத்துக்கும் கண்ணாடிக்கும் தனியே பணம் செலுத்த வேண்டும். அவற்றை இங்கேயே முடித்துக்கொண்டு செல்லுங்கள். இரயில் சலுகை அட்டை வாங்கினால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். அங்காடிகளில் மாலை வேளையில் மஞ்சள் சீட்டு ஒட்டி விலை குறைத்து வைப்பார்கள். அதை எடுக்க வெட்கப்பட வேண்டா, அந்நாட்டாரும் எடுக்கிறார்கள். 10 கிலோ அரிசி மூட்டையை நால்வர் பகிர்ந்து வாங்கி, வாரம் இருமுறை குழம்பு வைத்துக்கொண்டால், வெளியில் ஒருவேளை உண்ணும் காசில் மூன்று நாள் உண்ணலாம். ஒவ்வொரு விலையையும் ரூபாயாக மாற்றிப் பார்த்துப் பாலையும் முட்டையையும் விட்டுவிடாதீர்கள். குறைக்கக் கூடாத செலவு உணவு ஒன்றே. குளிர் நாட்டிலே வெறும் வயிறு நூலகத்தில் உட்கார விடாது.

வேலை பற்றிச் சொல்கிறோம். பட்டப் படிப்பு மாணவர் பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். 2025 ஏப்ரலில் 21 வயது நிறைந்தவர்க்குச் சட்டக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது; சட்டக் கூலிக்குக் குறைத்துக் கொடுப்பவன் உங்களைச் சுரண்டுகிறான். முதுகலை மாணவர் ஒன்றை மறவாதீர்கள்: கோடையில் ஆய்வேடு எழுதும் காலம் விடுமுறையன்று, அப்போதும் 20 மணி வரம்பு உண்டு. சுயதொழில் செய்வதற்கு மாணவர் விசாவில் இடமில்லை. பிறர் பெயரிலுள்ள கணக்கை வாடகைக்கு எடுத்து உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குச் சிலர் அழைப்பார்கள், போகாதீர்கள். அந்தச் சில பவுண்டுக்காக விசாவையே இழக்க நேரிடும். உதவித்தொகை பெறுவோர் எவ்வளவு சம்பாதிக்கலாம் என்பதற்கும் விதிகள் உண்டு; படித்துப் பார்த்துக் கையொப்பமிடுங்கள். எல்லாவற்றினும் முதன்மையானது இது: கிடைக்காத வேலையின் கூலியை வரவுப் பக்கத்தில் எழுதாதீர்கள். வேலை கிடைத்தால் அது சேமிப்பு. கிடைக்காவிட்டாலும் படிப்பு நடக்க வேண்டும்.

கடன் வாங்குவோர்க்கு மற்றொரு கணக்கு உண்டு. அண்ணல் தம் ஆய்வை "ரூபாயின் பிரச்சினை" என்னும் நூலாக 1923இல் வெளியிட்டார். நாணய மாற்று விகிதம் எளியோர் வாழ்வைத் தொடும் என்பதை அவர் அறிந்திருந்தார். நாம் கடன் பெறுவது ரூபாயில், செலவழிப்பது பவுண்டில். 10 லட்ச ரூபாய், பவுண்டு 110 ரூபாயாக இருக்கும்போது 9,090 பவுண்டு; 120 ரூபாயாகும்போது 8,333 பவுண்டு. வேறுபாடு 757, ஏறக்குறைய நாம் முன்னர்ப் போட்ட ஒரு மாதச் செலவு முழுவதும்! நீங்கள் ஒரு காசும் வீணாக்காமலே ஒரு மாதம் காணாமற் போய்விடும். ஆகவே கணக்கிட்ட தொகைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூட்டியே திட்டமிடுங்கள்.

இனிச் சொல்லப்போவது பெற்றோர்க்கும் உறவினர்க்கும். பிள்ளை சீமைக்குப் போய்விட்டான் என்றதும் நம் வீடுகளில் எதிர்பார்ப்பு எழுகிறது. தங்கை திருமணம், கூரை மாற்றம், பழைய கடன் எல்லாம் அவன் பெயரைச் சொல்லிக் காத்திருக்கின்றன. அது இயல்பு, பல தலைமுறையாக இல்லாமையில் இருந்தவர்கள் நாம். ஆனால் படிக்கும் ஆண்டில் அவன் சம்பாதிப்பவன் அல்லன். அவன் அனுப்பும் ஒவ்வொரு பவுண்டும் அவன் தட்டிலிருந்து எடுத்ததே. "அனுப்பாதே, படி" என்று ஒரு தாய் சொல்லிவிட்டால் அந்தச் சொல் ஒரு தவணைப் பணத்துக்குச் சமம். பிள்ளைகளே, நீங்களும் "நன்றாயிருக்கிறேன்" என்று பொய் எழுதாதீர்கள். பெருமைக்காகச் சொன்ன பொய்யே அத்தம்பியை எட்டு வாரம் பட்டினி போட்டது.

அவர் மீண்ட கதையைச் சொல்வதாகக் கூறினோம். ஒருநாள் ஆசிரியர் ஒருவர் அவரை அழைத்து, "சாப்பிட்டீரா?" என்று கேட்டாராம். அன்றுதான் அவர் வாய் திறந்தார். பல்கலைக்கழக மாணவர் ஆலோசனை நிலையத்துக்கு அனுப்பினார்கள். நெருக்கடி நிதி என்று ஒன்று அங்கே இருந்தது. மாணவர் விசாவில் இருப்போர் அந்நாட்டு அரசின் நலத்தொகைகளைப் பெற இயலாது. ஆனால் பல்கலைக்கழகத்தின் நெருக்கடி நிதி அவ்வகையைச் சேர்ந்ததன்று. வரவு செலவை எழுதிக் காட்டச் சொன்னார்கள். அன்று எழுதத் தொடங்கியதே அந்தக் குறிப்பேடு. நிதி கிடைத்தது, நூலகத்தில் சட்டப்படியான வேலையும் கிடைத்தது, படிப்பும் முடிந்தது. குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் அவர் எழுதியிருப்பது: "முன்பே கேட்டிருக்கலாம்."

நம் பிள்ளைகள் ஏன் கேட்பதில்லை? கேட்ட இடமெல்லாம் அவமானம் கிடைத்த சமூகம் நம்முடையது. பள்ளியில் உதவித்தொகைக்குப் பெயர் வாசிக்கும்போது தலைகுனிந்து நின்ற நினைவு நம்மில் பலருக்கு உண்டு. அந்த நினைவு கடல் கடந்தும் கூட வருகிறது. ஆனால் உரிமையைக் கேட்பது இரத்தலாகாது. விண்ணப்பம் எழுதுங்கள்; கணக்கைக் காட்டுங்கள்; நிமிர்ந்து கேளுங்கள்.

கழகத்துக்கும் ஒரு கடமை உண்டு. "முதல் மாத நிதி" என ஒன்றை இவ்வெள்ளி விழா ஆண்டில் தொடங்கிட எங்கள் குழு வேண்டுகிறது. பவுண்டு 120 ரூபாய் எனக் கொண்டால், முன்னர்ச் சொன்ன 1,200 பவுண்டு 1 லட்சத்து 44 ஆயிரம் ரூபாய். ஆண்டுக்கு இருவர்க்கேனும் இதனை வட்டியில்லாமல் கொடுப்போம். வேலைக்குச் சென்றபின் அவர்கள் திருப்பித் தரட்டும். அது அடுத்தவர்க்குப் போகட்டும். தன் முதல் தவணையாக ஒரு தொகையை அத்தம்பியே இன்று காலை எங்களிடம் கொடுத்துவிட்டார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்.

இனி நம் பிள்ளைகள் புறப்படும்போது பொன்னாடை போர்த்துவோம், மாலையும் இடுவோம். ஆனால் அதற்கு முதல் நாள் மாலை, கழகத்து மேசையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்து, அந்தத் தாய் கேட்கச் சொன்ன கேள்வியைக் கேட்போம்: "தம்பி, கையில் எவ்வளவு இருக்கிறது?"